முப்பத்தேழாம் பெட்டி

அத்தியாயம் 3

செத்துப்போன ஓட்டுநரிடமிருந்து தினமும் செய்தி வருகிறது என்று சொன்ன மனிதர் பேய்க்குப் பயப்படுகிற ரகம் இல்லை. வயரும் ஆன்டெனாவுமாகப் பிழைக்கிறவர். அதனால்தான் அவர் சொன்னதை என்னால் சிரித்து ஒதுக்க முடியவில்லை.

எல்லோரும் அவரை சிக்னல் என்றுதான் கூப்பிடுகிறார்கள். டயர் கடைக்கு மேல்மாடியில், ஒரே ஒரு நீள அறையில், லாரிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவை நடத்துகிறார். ஒவ்வொரு லாரியிலும் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் இரண்டு வரி மட்டும் தெரியும் திரை, கீழே வரிசையாகப் பொத்தான்கள். இந்த அறையிலிருந்து எதை வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். ஓட்டுநர் திருப்பி அனுப்ப முடிவது பொத்தான்களில் அச்சடித்திருப்பதை மட்டும்தான்: புறப்பட்டேன், வந்துகொண்டிருக்கிறேன், வந்துவிட்டேன், பார்த்தேன், உதவி. வண்டி ஓட்டுகிறவன் கட்டுரை எழுதக் கூடாது என்பது சிக்னலின் கொள்கை. ஓட்டுநர்களின் வீட்டுக்கும் இதேபோல ஒரு பெட்டி உண்டு. அதில் எழுத்துப் பலகையும் சேர்த்து வைத்திருக்கிறார். வீட்டில் இருக்கிறவர்கள் கட்டுரை எழுதலாம் போல.

சுவரில் இருந்த பெரிய திரையில் செய்திகள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பச்சை எழுத்தில் 'சேர்ந்தது' என்று விழுந்தது. அந்தச் சொல் விழும்போதெல்லாம் சிக்னல் தன்னையறியாமல் தலையை ஆட்டினார். அவருடைய சேவையில் ஒரு செய்திகூடத் தொலைந்ததில்லையாம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். போன மழைக்காலத்தில் ஆறு பொங்கிப் பழைய பாலம் ஆட்டம் கண்டது. உடனே 'பாலத்தில் ஏறாதே, திரும்பு' என்று எல்லா லாரிக்கும் அனுப்பினார். எல்லாப் பெட்டியிலிருந்தும் 'சேர்ந்தது' வந்தது. மற்ற லாரிகள் திரும்பிவிட்டன. முப்பத்தேழாம் பெட்டி இருந்த லாரி மட்டும் ஏறியது. பாலத்தோடு போனது. ஓட்டுநரும், கிளீனராகக் கூடப் போன அவருடைய மனைவியின் தம்பியும் இறந்தார்கள். உடல்கள் கிடைத்தன. லாரி சேற்றுக்கடியில் போய்விட்டது. இன்னும் எடுக்க முடியவில்லை.

விசாரணையில் சாட்சி சொன்னவர் சிக்னல்தான். எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது என்று சொன்னார். சனிக்கிழமை அறிக்கை வரப்போகிறது. ஓட்டுநர் எச்சரிக்கையைப் பார்த்தும் ஏறினார், மைத்துனன் சாவுக்கும் அவரே காரணம் என்றுதான் அதில் இருக்கும்.

"இப்ப ஒரு மாசமா முப்பத்தேழுல இருந்து அவங்க வீட்டுக்குச் செய்தி போகுதும்மா. விசாரணை முடியுற வரைக்கும் அந்த நம்பரை மூடக் கூடாதுன்னு உத்தரவு. அதனால திறந்தே கிடக்கு. ஆனா பெட்டி ஆத்துக்கடியில இல்ல கிடக்கு? தண்ணிக்குள்ள இருந்து எப்படிப் பேசும்?"

"மீன் ஏதாவது தெரியாம அழுத்தியிருக்கும் சார்" என்றார் சித்தப்பா.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவின் கடைசித் தம்பி. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர்; பள்ளிக்கூடத்தில் எனக்கு மேல்வகுப்பில் படித்தவர். ஸ்கூட்டர் அவருடையது, துப்பறியும் நிறுவனம் என்ற பலகை என்னுடையது. வாடிக்கையாளர்கள் முன்னால் வேண்டுமென்றே என்னை மகளே என்று கூப்பிடுவார். அந்தப் பலகையைக் கழற்றிவிடலாமா என்று நான் அடிக்கடி யோசிப்பதும் அவருக்குத் தெரியும். நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் சந்தேகம் கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். நான் அந்த மாதிரி ஆள்.

செய்தி எந்தக் கோபுரம் வழியாக வருகிறது என்று கேட்டேன். கேட்டதும், அசட்டுக் கேள்வியோ என்று தோன்றியது. அசட்டுக் கேள்வி இல்லை. மலைக் கோபுரம் என்றார். கல்குவாரி இருக்கும் பக்கம். ஆற்றுக்கு நேர் எதிர்த்திசை.

"அப்ப பேய் வீடு மாறிடுச்சு" என்றார் சித்தப்பா.

*

உச்சி வேளைக்கு முன்னால் ஓட்டுநரின் வீட்டுக்குப் போய்விட்டோம். முன்னறையில் தையல் மெஷின், பக்கத்தில் லாரி இருக்கைகளுக்குத் தைத்து முடித்த உறைகள் அடுக்காக இருந்தன. ஓட்டுநரின் மனைவியை அக்கா என்றே கூப்பிட்டேன்; அவர் தைத்துக்கொண்டே பேசினார். அவருடைய அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி இருந்தார். எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சுவரில் ஒரு படம். மீசை அரும்பிய பையன், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறான். அக்காவின் தம்பி. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் ஒன்றும் இல்லை.

நான் அந்த ஆணியைப் பார்ப்பதை அப்பா பார்த்துவிட்டார். "அது காலியாவே இருக்கட்டும்" என்றார்.

வெயில் வாசற்படியிலிருந்து உள்ளே ஏறியது. பேய்க்கதை என்றால் இருட்டு வேண்டும் என்று நினைத்திருந்தேன். நல்ல வெளிச்சத்தில், தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, அலமாரியில் இருந்த பெட்டி மெதுவாக ஒருமுறை கூவியது.

தையல் மெஷின் நின்றது. எழுந்து போய்ப் பார்த்தேன்.

37: வந்துகொண்டிருக்கிறேன்.

எண்ணை இரண்டு முறை படித்தேன். அப்பா திரும்பவே இல்லை. ஜன்னலைப் பார்த்தே சொன்னார்: "உயிரோட இருந்தப்ப வராதேன்னு சொன்னாங்க, கேக்கலை. செத்தப்புறம் வந்துட்டே இருக்கான்."

சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். செருப்பு மாட்டும் சத்தம் அடங்கியதும் அக்கா அடுக்களை வாசலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இது அவர் இல்லைங்க. முதல் நாளே எனக்குத் தெரியும். அவர் எப்பவும் ரெண்டு தடவை அழுத்துவார். ஒண்ணு நான் வர்றேன்னு, இன்னொண்ணு உன் தம்பியும் கூட வர்றான்னு. இது ஒரு தடவைதான் வருது. தெரிஞ்சும் மனசு கேக்காம, அவர்கிட்ட கேக்கிற மாதிரி நான் ஏதாவது எழுதிடுறேன்."

பிறகு அவர் சொன்னதை எல்லாம் வரிசையாக மனதில் வைத்துக்கொண்டேன். செய்தி உச்சி வேளையில்தான் வரும்; ஞாயிற்றுக்கிழமைகளில் வராது. முந்தாநாள் நல்ல மழை; அன்றும் வரவில்லை. யார் நீங்கள் என்று ஒருமுறை எழுதிக் கேட்டதற்குப் 'பார்த்தேன்' என்று மட்டும் பதில் வந்தது. அன்று முழுவதும் அவரால் மெஷினில் உட்கார முடியவில்லை. இன்னொரு விஷயத்தைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. கடைசியாகக் கிளம்பியபோது இருவருக்கும் சின்னச் சண்டை. என் தம்பியை உங்களோடு அனுப்பியதே தப்பு என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டார். பாலம் போவதற்கு முந்தைய இரண்டு நாளும் ஓட்டுநரிடமிருந்து ஒரு செய்திகூட இல்லை. குவாரிக்கும் துறைமுகத்துக்குமாக ஓடிக்கொண்டு, லாரியிலேயே படுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

"கோபத்துலதான் பேசலைன்னு நினைச்சேன். அந்தக் கோபத்துலயே எச்சரிக்கையைப் பார்த்தும் பாலத்துல ஏறிட்டாரோன்னு ராத்திரியெல்லாம் ஓடுது. அப்பாவுக்கு என்ன பதில் சொல்றது? அவர் அதைப் பார்த்தாரா இல்லையா, அது மட்டும் தெரிஞ்சா போதும். பேய் போனா போகுது, இருந்தா இருக்கட்டும்."

நான் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லவில்லை. அப்படி வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் தூங்காமல் கிடப்பது என் பழக்கம். பார்க்கிறேன் அக்கா என்று மட்டும் சொன்னேன்.

*

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தபடி, தெரிந்ததைச் சித்தப்பாவின் முதுகிடம் அடுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை வராது. மழை பெய்தால் வராது. உச்சி வேளையில்தான் வரும்.

"வார விடுமுறை உள்ள பேய். நம்மைவிட நல்ல வேலையில இருக்கு" என்றார்.

அதைத்தான் நானும் நினைத்தேன். மழையில் குவாரி ஓடாது. ஞாயிறு குவாரிக்கு விடுமுறை. உச்சி வேளைக்குத்தான் அங்கே முதல் பாரம் ஏற்றி லாரிகள் வாசலில் வரிசை நிற்கும். யாரோ ஓர் ஆள், பாரம் ஏற்றியதும், முப்பத்தேழாம் பெட்டியில் பொத்தானை அழுத்துகிறார். ஆனால் வரிசையில் நிற்பது எத்தனை லாரி! ஒவ்வொன்றாக ஏறிப் பெட்டியைக் காட்டு என்று கேட்டால், திருடியவனாக இருந்தால் பெட்டி ஜன்னல் வழியாகப் பறந்துவிடும்.

"பேயைக் கூப்பிட்டா வருமா?" என்று சித்தப்பா விளையாட்டாகக் கேட்டார்.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். அவர் விளையாட்டாகச் சொல்வதில் பாதி எனக்கு உபயோகப்படுகிறது என்பதை அவரிடம் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொண்டால் அப்புறம் தாங்க முடியாது.

மறுநாள் உச்சி வேளையில் குவாரி வாசலில் நின்றோம். கல்தூசி வெயிலில் வெள்ளையாக மிதந்தது. லாரிகள் வரிசையாக நின்று உறுமின. ஒவ்வொரு ஜன்னலிலும் தூசி படிந்து ஒரே மாதிரியான முகங்கள். இவர்களில் ஒருவர் இறந்தவரின் விரலாக இருக்கிறார் என்று நினைத்தபோது, எல்லோருமே என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. சிக்னலுக்குப் போன் செய்தேன். ஏற்கெனவே சொல்லிவைத்தபடி முப்பத்தேழாம் பெட்டிக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினார்: 'பின்பக்க இடது டயரில் காற்று இறங்குகிறது.'

சேர்ந்தது என்றார் போனில்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. என் யோசனை படுத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அப்போது வரிசையின் நடுவில் நின்ற நீல லாரியின் கதவு திறந்தது. ஓர் இளைஞன் குதித்து இறங்கினான். பின்னால் ஓடி, இடது டயரை உதைத்துப் பார்த்தான். குனிந்து பார்த்தான். மறுபக்கமும் போய் உதைத்தான். தலையைச் சொறிந்தபடி நின்றான்.

"மகளே, பேய் டயரை உதைக்குது" என்றார் சித்தப்பா.

பக்கத்தில் போய், நாங்கள் யாரென்று சொன்னதும் அவன் ஓடப் பார்க்கவில்லை. வெகுநாளாகக் கையில் வைத்திருந்த பாரத்தை இறக்கிவைக்க இடம் கிடைத்தது போல லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டான். சொந்த லாரி, ஒண்டிக்கட்டை. நெடுஞ்சாலையில் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் ஸ்க்ரூ அண்ணன் ஒரு மாதத்துக்கு முன் இந்தப் பெட்டியை இனாமாக மாட்டிவிட்டாராம். மழை, பாலம் மூடல் மாதிரியான பொது அறிவிப்புகள் வரும், வைத்துக்கொள் என்றாராம். பாரம் ஏற்றியதும் வரிசையில் எல்லோரும் ஒரு பொத்தானை அழுத்துவதைப் பார்த்தான். அழுத்த வேண்டும் போலிருக்கிறது என்று இவனும் அழுத்தினான். அது எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை.

"அழுத்தினா பதில் வருதுங்க. யாரோ ஒரு அக்கா. எங்க இருக்கீங்கன்னு. சாப்பிட்டீங்களான்னு. ஆபீஸ்ல இருந்து விசாரிக்கிறாங்கன்னு நினைச்சேன். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை."

அதற்குப் பிறகு வந்தவை வேறு மாதிரி. தம்பி எப்படி இருக்கான்? தண்ணி குளிருதா? அதைப் படித்த அன்று அவன் பெட்டியின் மேல் சட்டையைப் போட்டு மூடிவிட்டுப் படுத்தானாம். லாரியில் ஏதோ இருக்கிறது என்று பயம். யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் மறுநாள் உச்சி வேளைக்குச் சட்டையை விலக்கி அழுத்தினான். அழுத்தாவிட்டால் அந்த அக்கா காத்துக்கொண்டிருப்பார்களே என்று.

சித்தப்பா தன் தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டினார். வழக்கமாக எனக்குக்கூடத் தர மாட்டார்.

பேய் கிடைத்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் அதோடு மூட்டை கட்டியிருப்பேன். ஆனால் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. அடிப்பக்கம் தட்டிப் பார்த்தேன். திருகாணிகளைப் பார்த்தேன். துரு இல்லை. சேறு இல்லை. தண்ணீர் போன அடையாளமே இல்லை. அந்த லாரி இன்னும் ஆற்றுக்கடியில்தான் கிடக்கிறது. அப்படியானால் இது அதோடு மூழ்கவே இல்லை.

*

ஸ்க்ரூ அண்ணனின் பட்டறை நெடுஞ்சாலை திரும்பும் இடத்தில் இருந்தது. வெளியே இரண்டு லாரிகள் வாயைப் பிளந்து நின்றன. உள்ளே வெளிச்சம் குறைவு. பின்சுவரில் ஒரு நீளப் பலகை. அதன்மேல் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் திரை எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று கூவியது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. கிட்டே போய்ப் படித்தேன். 'குழந்தைக்குக் காய்ச்சல் குறைஞ்சிடுச்சு' என்று இருந்தது ஒன்றில். யாரோ ஓர் அப்பாவுக்கு வந்தது. அப்பா அங்கே இல்லை. ஆளில்லாத அறையில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பெட்டிகளின் நடுவே நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

ரிப்பேருக்கு வந்தவற்றை ஏன் எரியவிட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஸ்க்ரூ அண்ணன் கையைத் துணியில் துடைத்தபடி, அது இங்கே எல்லோருக்கும் தெரிந்த பழக்கம்தான் என்றார். திரை மங்குகிறது, பொத்தான் ஒட்டிக்கொள்கிறது என்று பெட்டி வரும். அணைத்து வைத்தால் சேவையிலிருந்து லாரி முதலாளிக்குத் தகவல் போய்விடும், இந்த வண்டிக்குச் செய்தி சேரவில்லை என்று. பெட்டி சரியாகும்வரை வண்டியை நிறுத்து என்பார் முதலாளி. ஓட்டுநர்கள் கெஞ்சுவார்கள். அதனால் கழற்றியதும் இங்கே மின்சாரம் கொடுத்து வைத்துவிடுவார். பெட்டி தானாகவே செய்தியை வாங்கிக்கொள்ளும். அங்கே பச்சை விழும். வண்டி பெட்டி இல்லாமலே ஓடும். யாருக்கும் நஷ்டமில்லை.

அதைச் சொல்லிவிட்டு, துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

வகுப்பில் எழாத கேள்வி அங்கே எழுந்தது. "பாலம் போன அன்னைக்கு முப்பத்தேழு எங்க இருந்துச்சு அண்ணே?"

அவர் பலகையின் ஒரு மூலையைப் பார்த்தார். அந்த இடம் மட்டும் காலியாக இருந்தது.

"அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கழட்டிக் குடுத்துட்டுப் போனார். பொத்தான் ஒட்டிக்குதுன்னு. அன்னைக்கு இங்க இருந்த பெட்டியெல்லாம் ஒண்ணா கத்துச்சு. நான் வெல்டிங்ல இருந்தேன். எப்பவும் கத்துறதுதானேன்னு விட்டுட்டேன்." துணியை மடித்தார், மறுபடி பிரித்தார். "அப்புறம் அது கத்துறப்பெல்லாம் என்னால இங்க நிக்க முடியலை. தூக்கி எறியவும் மனசு வரலை. அதான் அந்தப் பையனுக்கு மாட்டிவிட்டேன்."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

இதை வந்து சொல்வீர்களா என்று கேட்டேன். தலையசைத்தார். பலகையிலிருந்து ஒரு பெட்டியைக் கொஞ்ச நேரத்துக்கு இரவலாக வாங்கிக்கொண்டேன். அதில் சின்ன பேட்டரி இருந்தது. சாயங்காலம் வரை தாங்கும் என்றார்.

*

சிக்னலின் அறைக்குத் திரும்பியபோது என் மாலை வகுப்பு தொடங்கும் நேரம் ஆகியிருந்தது. போகவில்லை. நடந்ததை முழுவதும் சொன்னேன். உச்சி வேளைப் பேய் யார் என்று கேட்டபோது அவர் முகம் தெளிந்தது. மற்றதைக் கேட்டபோது இறுகியது. ஒரு பட்டறைக்காரன் பேச்சைக் கேட்டு என் சேவையைக் குறை சொல்லாதே என்றார். சேர்ந்தது என்று வந்தால் சேர்ந்ததுதான், இதில் பொய்க்கே இடமில்லை, இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றார்.

வாதாட எனக்கு வராது. ஐம்பத்திரண்டாம் பெட்டிக்கு ஏதாவது அனுப்புங்கள் என்றேன்.

"என்னன்னு?"

"எங்கே இருக்கிறாய்னு."

அவர் தட்டினார். செய்தி திரையில் ஏறியது. ஓரத்தில் பச்சையாக விழுந்தது: சேர்ந்தது.

அதே நேரம் என் தோள்பையில் ஏதோ கூவியது.

பையைத் திறந்து பெட்டியை மேஜைமேல் வைத்தேன். சிக்னல் அதன் எண்ணைப் படித்தார். திரையில் இருந்த தன் செய்தியைப் படித்தார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். சுவரில் பச்சை எழுத்துகள் ஏறிக்கொண்டே இருந்தன, சேர்ந்தது, சேர்ந்தது, சேர்ந்தது என்று. இந்த முறை அவர் தலையை ஆட்டவில்லை. அவற்றில் எத்தனை அந்தப் பட்டறைப் பலகைக்குப் போகின்றன என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"நான் சத்தியம் பண்ணிச் சொன்னேன்மா" என்றார். "அவங்க அப்பா முன்னாடி நின்னு சொன்னேன்."

நாளைக்கே விசாரணை அலுவலகத்துக்குப் போய், ஸ்க்ரூ அண்ணனையும் கூட்டிக்கொண்டு, சாட்சியைத் திருத்தப்போவதாகச் சொன்னார். நாங்கள் கேட்காமலே சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஓட்டுநரின் வீட்டுப் பெட்டிக்கு எழுத உட்கார்ந்தார். இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார்.

'எச்சரிக்கை அவர் கைக்குப் போகவில்லை. பெட்டி இரண்டு நாளாகப் பட்டறையில் இருந்தது. தவறு எங்களுடையது.'

கடைசிச் சொல்லை மட்டும் அழித்துவிட்டு 'என்னுடையது' என்று மாற்றினார். அனுப்பினார்.

சேர்ந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு சொல் இனிமேல் இந்த அறையில் யாருக்கும் போதாது. அலமாரியில் இருக்கும் பெட்டியை, தையல் மெஷினை, ஜன்னலோர நாற்காலியை நினைத்துக்கொண்டேன். அக்கா கடைக்குப் போயிருக்கலாம். பெட்டி கூவியதும் இருவரும் பயந்து அசையாமல் உட்கார்ந்திருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. கீழே டயர் கடையில் ஷட்டரை இழுத்து மூடினார்கள்.

திரையின் அடியில் ஒரு வரி வந்தது.

பார்த்தேன்.

சிக்னல் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அவர் பார்க்காததை நானும் சித்தப்பாவும் பார்த்தோம். அந்த வரி மேலே நகர்ந்து, அதன் கீழே இன்னொன்று வந்தது.

பார்த்தேன்.

"ஏதோ கோளாறு, ரெண்டு தடவை வந்திருக்கு" என்றார் சிக்னல், தலையை நிமிர்த்தி.

"கோளாறு இல்லை சார். அந்த வீட்டுல அப்படித்தான்" என்றார் சித்தப்பா.

*

வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் அந்தத் தெருவில் மறுபடி நின்றோம். வேலை முடிந்துவிட்டது, போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் எதையும் இரண்டாம் முறை சரிபார்க்காமல் விட என்னால் முடிவதில்லை. விசாரணை முடிந்ததும் முப்பத்தேழாம் எண்ணைத் துண்டித்துவிடலாமா என்று சிக்னல் கேட்டாராம். அக்கா சரியென்றாராம், ஆனால் அந்தப் பையனுக்கு வேறு பெட்டி கொடுத்துவிட்டுத் துண்டிக்கச் சொன்னாராம்.

வாசற்படியில் வெயில் ஏறியது. அலமாரியில் பெட்டி பேசாமல் இருந்தது. அக்கா மெஷினை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் அதையே பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அவர் கோபமா போகலை" என்றார். அதைப் பலமுறை தனக்கே சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். குரல் தேய்ந்திருந்தது.

அவருடைய அப்பா முக்காலிமேல் ஏறி நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆணியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். ஆணி ஏற்கெனவே நன்றாக இறங்கித்தான் இருந்தது. கீழே, சட்டம் போட்ட ஒரு படம் சுவரில் சாய்ந்திருந்தது.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. நேற்று சாயங்காலம் ஏன் அக்கா இரண்டு தடவை அழுத்தினீர்கள் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நான் ஒரு தடவைதானே அழுத்தினேன்? அழுத்திட்டு உள்ள போய் உக்காந்துட்டேன்."

சுத்தியல் நின்றது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து படத்தை எடுத்து, சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்து, பையனின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேராக்கினார். அப்புறமும் முக்காலியிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றார்.

சித்தப்பா என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தார். ஸ்கூட்டரைக் கிளப்பினார்.